வெயிலுக்கு வந்த பனிநாய்: பொன்முகலிக் கரையிலிருந்து ஒரு வரலாறு

ரேணிகுண்டாவுக்கும் காளத்திக்கும் இடையே அமைந்த ஏர்பேடு, நாய் வளர்ப்பின் வரலாற்றைத் தொடங்குவதற்கு ஏற்ற ஊராகத் தோன்றாது. 2015இல் தொடங்கப்பட்ட திருப்பதி ஐஐடியும் ஐசரும் தத்தம் நிலையான வளாகங்களை அப்பகுதியில் அமைத்த பின்னரே அவ்வூரின் பெயர் கல்வியுலகில் பரவலாகப் புழங்கத் தொடங்கியது. சித்திரை, வைகாசி மாதங்களில் வெப்பம் 40 பாகை செல்சியசைக் கடப்பது அங்கே வியப்புக்குரிய செய்தி அன்று. இத்தகைய நிலத்தில் ஒரு சைபீரியன் ஹஸ்கியை வளர்க்கலாமா என்ற வினாவுக்கு, "ஏசி இருந்தால் வளர்க்கலாம்" என்பதே இன்று பெரும்பாலும் கிடைக்கும் விடை. வினாவின் வரலாறு அவ்வளவு சுருக்கமானது அன்று. அது இவ்வட்டாரத்தை ஒட்டிய நடுகற்களிலும், காளத்தி மலையின் தொன்மத்திலும், நூறாண்டுகளுக்கு முன் கிண்டியில் நடந்த ஒரு குருதி ஆய்விலும் பதிந்து கிடக்கிறது. நாயை வைத்திருப்பவரின் மகிழ்ச்சிக்கு எந்த உயிர் என்ன விலை கொடுத்தது என்பதை அந்தச் சான்றுகளைக் கொண்டே கேட்க முடியும்.

சொற்களிலிருந்து தொடங்கலாம். நாய் என்ற பொதுப்பெயருடன் ஞமலி, ஞாளி முதலிய பெயர்களும் சங்க இலக்கியத்தில் வழங்குகின்றன. ஞமலி என்பது பூழிநாட்டுத் திசைச்சொல் எனத் தொல்காப்பிய உரையாசிரியர்கள் குறிக்கின்றனர். தொல்காப்பிய மரபியல் நாய்க்குட்டியைப் புலி, பன்றி, முயல் ஆகியவற்றின் இளமையோடு சேர்த்துக் குருளை என்னும் பெயருக்கு உரியதாக்குகிறது. வீட்டு விலங்கென்றும் காட்டு விலங்கென்றும் பிரிக்காமல் நான்கையும் ஒரே பெயரில் அடக்கிய அந்த வகைப்பாடு, நாய் காட்டோடு கொண்டிருந்த உறவு அறுபடாத காலத்தைக் காட்டுகிறது எனலாம். பக்தி இலக்கியத்தில் அதே விலங்கு அடியவரின் தாழ்மைக்கு உருவகமாகிறது. மாணிக்கவாசகர் தம்மை நாயேன் என்றும் நாயடியேன் என்றும் மீண்டும் மீண்டும் அழைத்துக்கொள்கிறார். இழிவும் பற்றும் ஒரே சொல்லில் தங்கிய வழக்கு அது.

ஹஸ்கி என்ற சொல்லுக்கும் தனி வரலாறு உண்டு. வடமேற்கு அட்லாண்டிக் கரையோரங்களுக்குச் சென்ற ஆங்கிலேய மாலுமிகளும் வணிகர்களும் அங்கிருந்த ஆர்க்டிக் மக்களை எஸ்கிமோ என்று அழைத்தனர். அப்பெயரின் சிதைந்த வடிவமே ஹஸ்கி. முதலில் மக்களைச் சுட்டிய சொல் பின்னர் அவர்களுடைய நாயைச் சுட்டலாயிற்று. மக்களை எஸ்கிமோ என்று அழைப்பது இழிவெனக் கருதப்பட்டு இன்று பல இடங்களில் கைவிடப்பட்டுவிட்டது. நாயின் பெயரில் மட்டும் அதன் எச்சம் உலகெங்கும் விற்பனையாகிறது. நாயை வளர்த்து உருவாக்கிய மக்கள் பெயரளவில் மறைந்து, நாய் மட்டும் பொருளாக எஞ்சியதை அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது.

இனி இவ்வட்டாரத்து நாய்கள். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள நடுகல் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது; அதாவது, ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. வாணர் குலத் தலைவன் ஒருவனைச் சார்ந்திருந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரன் எருமைக் கூட்டத்தைக் காக்கும் பூசலில் இறந்தான். அவனுக்கு எடுத்த கல்லில் அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். கள்வரைக் கடித்து நின்று காத்த அதன் செயலும் எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. வாணர்களின் ஆட்சி வட ஆர்க்காடு, சித்தூர் நிலப்பரப்போடு நெடுங்காலத் தொடர்புடையது. ஆகவே இன்றைய ஏர்பேட்டை உள்ளடக்கிய பெருநிலத்தின் பழைய நாய் நினைவுகளில் கோவிவனுக்கு முதலிடம் தரலாம். கல்லில் பெயர் பெறாத மனிதர் பல்லாயிரம் பேர் வாழ்ந்து மடிந்த காலத்தில் ஒரு நாய் பெயர் பெற்றது, அது செய்த வேலையால்.

இரண்டாவது சான்று தக்கோலப் போரோடு தொடர்புடையது. அரக்கோணத்துக்கு அருகிலுள்ள தக்கோலத்தில் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் படை சோழ இளவரசன் இராசாதித்தனை வீழ்த்தியது. வென்ற பக்கத்தில் நின்றவன் கங்க மன்னன் பூதுகன். அவனுடைய வீரன் மணலேரனுக்குப் பரிசளிக்க விரும்பியபோது, மணலேரன் கேட்டுப் பெற்றது காளி என்னும் வேட்டைநாய். பின்னர் ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு காளி பொருதது. நாயும் பன்றியும் ஒருங்கே மாண்டன. கர்நாடகத்தின் மண்டியா மாவட்டத்து ஆதகூரில் காளிக்குக் கல் எடுக்கப்பட்டது. அதற்கு வழிபாடும் நிலக்கொடையும் ஏற்படுத்தப்பட்டன. கல்வெட்டின் காலம் சக ஆண்டு 872, பொது ஆண்டு 949-950. பேரரசுகளின் போக்கை மாற்றிய போரைப் பற்றிய முதன்மைச் சான்றுகளில் ஒன்று நாய்க்கு எடுத்த நினைவுக்கல்லாக இருப்பதை வரலாற்று மாணவர்கள் நன்கறிவர்.

மூன்றாவது, காளத்தி மலையே. சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாடிய பெரியபுராணத்தில், பொத்தப்பி நாட்டு உடுப்பூரில் வேடர் தலைவன் நாகனுக்கும் தத்தைக்கும் பிறந்த திண்ணனார் கன்னிவேட்டைக்குப் புறப்படுகையில் வேட்டைநாய்களும் உடன் செல்கின்றன. அவ்வேட்டையின் தொடர்ச்சியாகவே அவர் பொன்முகலி ஆற்றைக் கடந்து குடுமித்தேவரைக் காண்கிறார், கண்ணப்பர் ஆகிறார். அந்த ஆறுதான் இன்று சுவர்ணமுகி என வழங்குவது. சிவகோசரியாரின் தூய்மை ஒழுக்கம் ஏற்காத உலகத்தைச் சேர்ந்தவை வேடனின் நாய்கள். கண்ணப்பரின் அன்பைத் தனித்துச் சுட்டும் மரபு, அந்த அன்பு எந்த வாழ்க்கை முறையிலிருந்து வந்ததோ அதையும் மறைக்காமல் பாடியிருக்கிறது.

கோவிவன், காளி, வேடர்களின் வேட்டைநாய்கள் ஆகிய மூன்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. மூன்றும் இந்த வெயிலிலும் இந்தக் காட்டிலும் பிறந்து, இங்கேயே வேலை செய்து, இங்கேயே மாண்டவை. அவற்றின் வாழ்வு சுகமானது என்று சொல்வதற்கில்லை. பன்றியின் கொம்பும் கள்வனின் கத்தியும் அவற்றின் பங்காக இருந்தன. ஆயினும் அவற்றின் உடலுக்கும் அவற்றிடம் கேட்கப்பட்ட வேலைக்கும் அவை நின்ற மண்ணுக்கும் இடையே முரண் இல்லை.

நாய்கள் கடல் கடந்து செல்வதும் புதிதன்று. பழைய காலத்தில் பயணம் இங்கிருந்து வெளியே நடந்தது. பாபிலோனின் பாரசீக ஆளுநர் வைத்திருந்த இந்திய நாய்களுக்கு உணவளிக்கும் பொறுப்பில் நான்கு பெரிய ஊர்கள் இருந்தன என்றும், அதற்கு ஈடாக அவ்வூர்கள் பிற வரிகளிலிருந்து விலக்குப் பெற்றன என்றும் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். நாயை வைத்திருப்பது ஆளுநருக்குப் பெருமை. சோறு போட்டவை நான்கு ஊர்கள். பொதுக் காலத்துக்கு முந்தைய மூன்றாம் நூற்றாண்டு எகிப்தில், ஃபையூம் பகுதியில் வாழ்ந்த செனோன் என்னும் அலுவலரின் உயிரைக் காக்கக் காட்டுப்பன்றியோடு போராடி இறந்த இந்திய வேட்டைநாய் தௌரோனுக்குக் கிரேக்க மொழியில் இரண்டு இரங்கற்பாக்கள் எழுதப்பட்டன. அவை எழுதப்பட்ட பப்பைரசு கிடைத்திருக்கிறது. ஆதகூரின் காளிக்கு ஏறக்குறைய 1,200 ஆண்டுகள் முந்தைய சான்று அது. செயல் ஒன்றே, நிலமும் மொழியும் வேறு.

திசை பின்னர் மாறியது. 1615 முதல் ஜஹாங்கீரின் அவையில் இருந்த ஆங்கிலத் தூதர் தாமஸ் ரோவின் காலத்தில், ஆங்கிலேய மாஸ்டிஃப் நாய்கள் முகலாய அரசவை விரும்பிய பரிசுப் பொருள்களுள் இருந்தன. 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சென்னையில் கோட்டை கட்ட இடமளித்தவர் தாமர்ல வேங்கடாத்திரி நாயக்கர். காளத்தி ஜமீனை ஆண்ட தாமர்ல குடும்பத்தின் பெயர் சென்னையின் பிறப்போடு இவ்வாறு இணைந்திருக்கிறது. அந்தக் கோட்டையைச் சுற்றி வளர்ந்த நகரில் ஆங்கிலேயர் தம் நாட்டுப் பொழுதுபோக்குகளையும் குடியேற்றினர். அவற்றுள் ஒன்று, மதராஸ் ஹண்ட் என்ற வேட்டைக் குழு. இங்கிலாந்தின் ஃபாக்ஸ்ஹவுண்ட் இன நாய்களைக் கப்பலில் வரவழைத்து, குதிரையேறி அவற்றின் பின்னே சென்று நரி வேட்டையாடுவது அதன் வழக்கம். நீலகிரியின் குளிரில் இதே விளையாட்டு எளிதாக இருந்தது. 1840களில் தொடங்கிய ஊட்டி வேட்டைக் குழு அதனால் நிலைத்தது. கடற்கரைச் சமவெளியில் நிலைமை வேறு. வெயில் ஏறுமுன் வேட்டையை முடித்தாக வேண்டும். இழந்த நாய்களுக்கு ஈடாகப் புதிய நாய்களைத் தருவித்தாக வேண்டும்.

அந்த நாய்களைப் பராமரித்தவர்கள் பெரும்பாலும் பெயரற்றவர்கள். 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, நாய் காப்பவனைக் குறிக்கும் டோரியா என்னும் இந்துஸ்தானிச் சொல்லைப் பதிவு செய்கிறது. டோர் என்றால் கயிறு. நாயின் கயிற்றைப் பிடிப்பவன் டோரியா. வேட்டையின் மகிழ்ச்சி குதிரைமேல் இருந்தவருக்கு உரியது. நடுப்பகலில் நாய்க்குத் தண்ணீர் காட்டியதும் உண்ணி பொறுக்கியதும் கயிற்றைப் பிடித்தவனின் வேலை.

1910ஆம் ஆண்டு நாய்களின் வரலாற்றில் மூன்று வேறு நிலங்களை ஒரே கோட்டில் நிறுத்துகிறது.

முதலாவது, அலாஸ்காவின் நோம் நகரம். சைபீரியாவின் வடகிழக்குக் கோடியில் வாழும் சுக்சி மக்கள் பனிச்சறுக்கு வண்டி இழுக்க வளர்த்த நாய்கள் 1908இல் பெரிங் நீரிணையைக் கடந்து அங்கே கொண்டுவரப்பட்டன. உருவில் சிறியவை என்று அவை முதலில் எள்ளி நகையாடப்பட்டன. 1910இல் நோமுக்கும் கேண்டிலுக்கும் இடையே சென்று திரும்பும் 408 மைல் ஆல் அலாஸ்கா பந்தயத்தில், ஜான் ஜான்சன் செலுத்திய சைபீரிய நாய்கள் முதலிடம் பெற்றன. இன்று ஹஸ்கி என்று அறியப்படும் இனத்தின் உலகப் புகழ் அங்கிருந்து தொடங்குகிறது.

இரண்டாவது, ஃபிராம் என்னும் கப்பல். நார்வேயின் ரோல்ட் அமுண்ட்சென் தென்துருவம் நோக்கி அதே ஆண்டு ஆகஸ்டில் புறப்பட்டபோது 97 கிரீன்லாந்து நாய்களை ஏற்றிச் சென்றார். பனி நாய்கள் நிலநடுக்கோட்டைக் கடந்தாக வேண்டும். அதற்காகக் கப்பலின் தளத்துக்கு மேலே மற்றொரு பலகைத் தளம் இடப்பட்டது. இடையில் காற்று புகும்; நீர் வடியும்; நாயின் வயிறு சுடும் பலகையில் படாது. மேலே நிழலுக்குத் துணிப்பந்தல் விரிக்கப்பட்டது. வழியில் குட்டிகளும் பிறந்ததால், அண்டார்க்டிகாவை அடைந்தபோது நாய்களின் எண்ணிக்கை 116. வெயிலில் பனிநாயைக் காப்பாற்றக் கவனமும் பொறியியலும் எவ்வளவு வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆவணம் இல்லை. ஆனால் அந்தக் கவனம் ஒரு பயனுக்காகச் செலவிடப்பட்டது. துருவத்துக்குப் புறப்பட்ட 52 நாய்களில் திரும்பியவை 11. எஞ்சியவற்றுள் பெரும்பாலானவை திட்டமிட்டபடியே கொல்லப்பட்டு மனிதருக்கும் பிற நாய்களுக்கும் உணவாயின.

மூன்றாவது, சென்னை. கிண்டி கிங் நிலையத்தில் பணியாற்றிய இந்திய மருத்துவப் பணி அலுவலர் வால்டர் ஸ்காட் பேட்டன் 1910இல் ஒரு முன்னறிக்கை வெளியிட்டார். மதராஸ் ஹண்டின் நாய்களுடைய குருதியில், சிவப்பணுக்களுக்குள் வாழும் ஒரு புதிய ஒட்டுண்ணியை அவர் கண்டறிந்திருந்தார். பின்னர் அதே உயிரி நரிகளின் குருதியிலும் காணப்பட்டது. அவர் இட்ட பெயரின் வழியே அது இன்று பாபீசியா கிப்சோனி என்று அழைக்கப்படுகிறது. உண்ணி வழியே பரவி, காய்ச்சலும் குருதிச்சோகையும் உண்டாக்கி, உரிய மருத்துவம் இல்லையேல் நாயைக் கொல்லக்கூடியது. உலகின் எந்த மூலையில் கால்நடை மருத்துவ மாணவர் இந்நோயைப் படித்தாலும் அதன் முதல் விவரிப்பு சென்னையின் இறக்குமதி வேட்டைநாய்களிடமிருந்தே தொடங்குகிறது. துரத்திய நாயின் குருதியிலும் துரத்தப்பட்ட நரியின் குருதியிலும் இருந்தது ஒரே உயிரி. காளிக்குக் கிடைத்தது கல். ஃபாக்ஸ்ஹவுண்டுகளுக்குக் கிடைத்தது நுண்ணோக்கிக் கண்ணாடித்தகட்டில் ஒரு துளி.

அடுத்த பதினைந்து ஆண்டுகளில் சைபீரிய நாய் வேலைக்காரன் என்னும் நிலையிலிருந்து கதைத்தலைவன் நிலைக்கு உயர்ந்தது. 1925 ஜனவரி இறுதியில் நோமில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, ஏறக்குறைய 674 மைல் தொலைவை 20 வண்டியோட்டிகளும் சுமார் 150 நாய்களும் கைமாற்றிக் கைமாற்றி ஐந்தரை நாட்களில் கடந்து மருந்தைச் சேர்த்தனர். மிக நீண்ட, மிக ஆபத்தான பகுதியை ஓடியது லியோனார்ட் செப்பலாவின் டோகோ. இறுதிக் கட்டத்தில் குன்னர் காசெனின் வண்டியை முன்நின்று இழுத்தது பால்டோ. அதே ஆண்டு டிசம்பரில் நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் சிலை வைக்கப்பட்டது பால்டோவுக்கு. 1930இல் அமெரிக்கக் கென்னல் கிளப் சைபீரியன் ஹஸ்கியைத் தனி இனமாக ஏற்றது. அன்றிலிருந்து அந்நாய்க்கு எழுதப்பட்ட தோற்ற விதிகள் உண்டு. ஓட்டத்தைப் பனி சோதித்தது. தோற்றத்தை நடுவர் சோதிக்கிறார். நீலக்கண்ணும் முகக்கோலமும் உடைய படம் ஒன்று உலகச் சந்தைக்கு ஆயத்தமாயிற்று.

படத்தை விரும்புவது பிழையன்று. ஹஸ்கி தரும் மகிழ்ச்சியும் மெய்யானது. வடசைபீரியாவின் ஜோகோவ் தீவில் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய நாயின் எலும்பும் சறுக்குவண்டிப் பகுதிகளும் கிடைத்துள்ளன. 2020இல் வெளியான மரபணு ஆய்வு, அந்நாய் இன்றைய வண்டியிழுக்கும் நாய்களுக்கு நெருங்கிய உறவு என்று காட்டியது. ஹஸ்கியின் இயல்புகள் அந்த நெடும்பணியின் எச்சங்கள். கூட்டத்தோடு இணைந்து இழுக்க வேண்டியிருந்ததால் அது மனிதரிடமும் பிற நாய்களிடமும் பொதுவாக இணக்கமானது; அயலாரைக் கண்டு சீறாது. அதனாலேயே காவலுக்கு உதவாது. குரைப்பதைவிட ஊளையிடுவதே அதற்கு இயல்பு. அது எழுப்பும் ஏற்ற இறக்கமான ஒலிகளைப் பேச்சென்று கொண்டாடுவோர் பலர். மெல்லிய பனிப்பாளத்தின் மேல் ஓட்டியின் ஆணையை மறுத்து வண்டியை விலக்கிய முன்னணி நாய்கள் உயிர்களைக் காத்திருக்கின்றன. அதே தற்சிந்தனை வீட்டில் பிடிவாதம் என்று பெயர் பெறுகிறது. வளர்ப்பவருக்கு இன்பமாகவும் தொல்லையாகவும் தோன்றுபவை பெரும்பாலும் ஒரே இயல்பின் இரு முகங்கள்.

அந்த இயல்புகளை ஏர்பேட்டு நிலத்தில் வைத்துப் பார்க்கும்போது சிக்கல் துலங்குகிறது. நாயின் இயல்பான உடல்வெப்பம் 38 முதல் 39 பாகை. காற்றின் வெப்பம் அதைக் கடந்துவிட்டால், உடல் தன் வெப்பத்தைக் காற்றில் விட முடியாது. நாக்கிலும் மூச்சுப்பாதையிலும் நீர் ஆவியாவது ஒன்றே வழி. நாய்க்கு வியர்வை பாதங்களில் மட்டுமே குறிப்பிடத்தக்க அளவு சுரக்கும். தார்ச்சாலையில் சுடும் இடமும் அதுவே. உடல்வெப்பம் 41 பாகையைத் தாண்டினால் வெப்பத்தாக்கு உயிருக்கே இறுதியாகலாம். மயிரை மழித்துவிட்டால் தீரும் என்று எண்ணுவோர் உண்டு. இரட்டை மயிர்ப்போர்வை குளிரைப்போலவே நேர்வெயிலையும் தடுப்பது. மழித்த தோல் வெயிலில் எரியும். மயிர் சீராக மீண்டும் வளராமலும் போகலாம். உடலின் நாட்காட்டியும் இங்கே குழம்புகிறது. நோமில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வேறுபாடு 17 மணி நேரத்துக்கு மேல், ஏர்பேட்டின் 13.7 பாகை வடக்கில் அது ஒன்றரை மணி நேரத்தைச் சற்றே தாண்டும். பகலின் நீளத்தைக் கண்டு பருவந்தோறும் மயிர் உதிர்க்கும் உடலுக்கு இங்கே தெளிவான அறிகுறி கிடைப்பதில்லை. ஆண்டு முழுவதும் வீட்டில் மயிர் பறப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இதற்கெல்லாம் ஏசி விடை என்று வைத்துக்கொண்டாலும், அங்கேதான் தீராத முரண் எழுகிறது. வெப்பத்திலிருந்து காக்கக் கதவைச் சாத்த வேண்டும். ஓடப் பிறந்த உடலுக்குக் கதவைத் திறக்க வேண்டும். நெடுந்தொலைவுப் பந்தயத்தில் ஒரு வண்டிநாய் நாளொன்றுக்குப் பத்தாயிரம் கலோரிக்கு மேல் உண்டு எரிக்கக்கூடியது. வீட்டு ஹஸ்கிக்கு அத்தனை வேலை தேவையில்லை. ஆனால் மாலை நேரத்துப் பத்து நிமிட நடை அதற்குப் போதாது. ஓட்டம் கிடைக்காத நாய் மண்ணைத் தோண்டும், வேலியைத் தாண்டும், மெத்தையைக் கிழிக்கும், ஊளையிடும். தாண்டிய வேலிக்கு அப்பால் கோழியும் ஆட்டுக்குட்டியும் திரியும் கிராமம் இருக்கிறது. சிறு விலங்கைத் துரத்தும் வேட்கை இந்த இனத்தில் வலுவானது. நாயின் உரிமையாளருக்கு அது ஒரு சங்கடம். கோழியின் உரிமையாளருக்கு அது அன்றைய வருமானம். மின்தடை வரும் பிற்பகலில் வீட்டில் இருப்பது பெரும்பாலும் உரிமையாளர் அல்லர். வேலைக்கு வரும் பெண்ணோ காவலாளியோ. டோரியாவின் கயிறு கைமாறியிருக்கிறது, அவ்வளவே.

பேட்டன் கண்ட உயிரியும் எங்கும் போய்விடவில்லை. உண்ணிக் காய்ச்சல் தென்னிந்தியாவில் வளர்ப்பு நாய்களின் பெரிய எதிரிகளுள் ஒன்று. ஹஸ்கியின் அடர்ந்த உள்மயிருக்குள் உண்ணியைத் தேடுவது எளிதன்று. பாபீசியா கிப்சோனியை மருந்தால் அடக்கலாம். உடலிலிருந்து முற்றும் நீக்குவது கடினம். துத்தநாகக் குறைபாட்டோடு தொடர்புடைய தோல்நோயும் பரம்பரைக் கண்புரையும் இந்த இனத்தில் அறியப்பட்டவை. 1955இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி திருப்பதியிலேயே இருப்பது இவ்வட்டாரத்தின் நற்பேறு. மருத்துவம் அருகில் இருப்பதால் நோயின் தேவை குறைந்துவிடுவதில்லை.

சட்டமும் இவ்வினாவுக்குள் தாமதமாக நுழைந்திருக்கிறது. 2016 ஏப்ரல் 25இல் இந்திய அரசின் அயல்நாட்டு வணிகத் தலைமை இயக்ககம், வணிக இனப்பெருக்கத்துக்காக நாய்களை இறக்குமதி செய்வதைத் தடுத்தது. உள்நாட்டில் ஏற்கெனவே இருந்த நாய்களைக் கொண்டு இனப்பெருக்கம் தொடர்ந்தது. குறைந்த எண்ணிக்கையிலான நாய்களையே மீண்டும் மீண்டும் இணைத்தால் பரம்பரை நோய்கள் மிகும் என்பது மரபியலின் பாலபாடம். 2024இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, வெப்பமண்டலத் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாதவை எனக் கருதிய 11 அயல் இனங்களின் இனப்பெருக்கத்தை விலக்கியது. சைபீரியன் ஹஸ்கி அவற்றுள் ஒன்று. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியா அக்கொள்கையை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது. ஏர்பேடு ஆந்திரத்தில் இருப்பதால் அக்கொள்கை அங்கே செல்லாது. ஊத்துக்கோட்டைக்கு இப்பாலும் அப்பாலும் வெயில் ஒன்றே. நாயின் உடலுக்கு மாநில எல்லை தெரியாது.

இதற்கு மாற்றாக நாட்டு இனங்களைப் போற்றும் குரல் இன்று ஓங்கியிருக்கிறது. 2005 ஜனவரியில் வெளியான நான்கு நாய் அஞ்சல்தலைகளில் இராஜபாளையமும் இடம்பெற்றது. 2020இல் தேசிய விலங்கு மரபணு வளப் பணியகம் இராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல் ஆகிய மூன்றையும் இனங்களாகப் பதிவு செய்தது. இவை வரவேற்கத்தக்கவை. எனினும் நாட்டு இனம் என்ற பெயரே நலத்துக்கு உத்தரவாதம் ஆகிவிடாது. வெண்ணிறத்துக்காகவே தெரிந்து வளர்க்கப்படும் இராஜபாளையத்தில் பிறவிச் செவிட்டுத்தன்மை தோன்றுவது அறியப்பட்ட குறை. வெட்டவெளியில் ஓடப் பிறந்த சிப்பிப்பாறையை அடுக்குமாடியில் அடைத்தால், அதுவும் ஹஸ்கியின் முரணையே எதிர்கொள்ளும். பெருமைக்காக வாங்கும் மனநிலை மாறாமல் நாயின் பிறப்பிடம் மட்டும் மாறினால், மதராஸ் ஹண்டின் வரலாறு உள்ளூர்ப் பெயரில் தொடரும்.

ஏற்கெனவே வீட்டில் இருக்கும் ஹஸ்கிக்கு இந்த வரலாறு தண்டனை ஆகக் கூடாது. தன்னை வாங்கச் சொல்லி எந்த நாயும் கேட்கவில்லை. விடியலுக்கு முன் ஓட்டம், குளிர்ந்த தரை, இடையறாத தண்ணீர், மழிக்காமல் நாள்தோறும் வாரிய மயிர், உண்ணித் தடுப்பு, மின்தடைக்கு முன்னேற்பாடு, பகலில் பார்த்துக்கொள்பவருக்கு உரிய பயிற்சியும் ஊதியமும் என்று அதற்குச் செய்யக்கூடியவை பல. பன்னிரண்டு முதல் பதினான்கு ஆண்டுகள் ஒரு நாளும் தவறாமல் செய்ய வேண்டியவை. அவற்றைச் செய்வோரின் அன்பு ஐயத்துக்கு அப்பாற்பட்டது. அடுத்த குட்டியை வாங்குவோர் முன் நிற்கும் வினா வேறு. ஃபிராம் கப்பல் நிலநடுக்கோட்டின் வெயிலைச் சில வாரங்களில் கடந்து குளிருக்குள் நுழைந்துவிட்டது. அதற்கே இரட்டைத் தளமும் துணிப்பந்தலும் வேண்டியிருந்தன. பொன்முகலிக் கரையில் வளரும் ஹஸ்கிக்கு அந்தக் கடத்தல் முடிவதே இல்லை. அதன் வாழ்நாள் முழுவதும் நிலநடுக்கோட்டுப் பயணமே.